ஊரில் புயல், நாம் சிங்கப்பூரில்: அப்பா அம்மாவை முன்கூட்டியே பத்திரமான இடத்துக்கு அனுப்புவது எப்படி?

சிங்கப்பூரில் புயல் பயம் கிடையாது. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால், காற்றைச் சுழல வைத்துப் புயலாக்கும் விசை இங்கே மிகக் குறைவு. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற சூறாவளி பக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. வானிலை ஆய்வாளர்கள் இன்றும் அதை அபூர்வ நிகழ்வாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மில் எத்தனையோ பேருடைய வீடு நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் கடலூரிலும் பட்டுக்கோட்டையிலும் இருக்கிறது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய வங்கக் கடல் சும்மா இருக்காது.

இது, முதன்முறையாக ஒரு மழைக்காலத்தை ஊருக்கு வெளியே கழிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதியது. இங்கேயே பிறந்து வளர்ந்து, கடலோரத்தில் மாமனார் வீடு உள்ளவர்களுக்கும் பயன்படும். புயலுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற முடிவை வெயில் அடிக்கும்போதே எடுத்தாக வேண்டும். காற்று ஆரம்பித்த பிறகு எடுத்தால் அது முடிவாக இருக்காது, ஓட்டமாகத்தான் இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு மாடு, வயல், படகு என்று ஆயிரம் கவலை. தூரத்தில் இருக்கும் நமக்குத்தான் உட்கார்ந்து நேரத்தைக் கணக்குப் போட முடியும். அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டியவை

முதலில் வீட்டை எடைபோடுங்கள். கூரை வீடா, ஓட்டு வீடா, தகரம் போட்டதா, கான்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடா? கடலிலிருந்து எவ்வளவு தூரம்? ஆற்று முகத்துவாரமோ, வடிகால் வாய்க்காலோ, ஏரிக்கரையோ பக்கத்தில் இருக்கிறதா? 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது, போன பெருமழையில் வாசலில் எத்தனை படி மூழ்கியது என்று அம்மாவிடம் கேட்டால் துல்லியமாகச் சொல்வார். கூரை, ஓடு, தகரம் என்றால் எந்தப் புயலுக்கும் கிளம்பியே ஆக வேண்டும். மெத்தை வீடாக இருந்தாலும் கடலை ஒட்டித் தாழ்வான இடத்தில் இருந்தால் கிளம்ப வேண்டும். புயலில் கடல் எழும்பி ஊருக்குள் வரும் தண்ணீர், கான்கிரீட் சுவரைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

அடுத்து, போகும் இடம். இரண்டு இடம் வேண்டும். ஒன்று அரசு ஏற்பாடு செய்யும் முகாம். 2004-க்குப் பிறகு கடலோரக் கிராமங்களில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. அது இல்லாத இடத்தில் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ முகாமாகும். உங்கள் ஊருக்கு எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) இப்போதே கேட்டு வையுங்கள். சாவி யாரிடம் இருக்கும், ஜெனரேட்டர் உண்டா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று உறவினர் வீடு. இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். கடலை விட்டு முப்பது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே போனால் போதும் என்று நினைக்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. உள்ளே வந்த பிறகும் திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்துக்கொண்டே போனது. மன்னார்குடியில் சித்தப்பா வீடு ஓட்டு வீடு என்றால் அங்கே போய்ப் பயனில்லை. திருச்சி, தஞ்சாவூர் டவுனில் மேட்டுப் பகுதியில் உள்ள கான்கிரீட் வீடு என்றால் நல்லது. அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். முதல்நாள் ராத்திரி போன் போட்டு "நாளைக்கு அஞ்சு பேர் வர்றோம்" என்பது யாருக்கும் சங்கடம்தான்.

வாகனத்தையும் அப்போதே பேசி விடுங்கள். தெருவில் ஆம்னி வேனோ குட்டி யானை என்னும் சின்ன சரக்கு வண்டியோ வைத்திருக்கும் தெரிந்த டிரைவர் ஒருவர் இருப்பார். "புயல் அறிவிப்பு வந்தா, கரையக் கடக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி காலையில எங்க வீட்டுக்கு மொத வண்டி" என்று சொல்லி முன்பணம் கொடுத்து விடுங்கள். புயல் வராமல் போனால் அந்தப் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் மழைக்காலத்தில் சவாரி குறைவு.

காகிதங்கள்: ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் பாஸ்புக், மருத்துவச் சீட்டுகள், பிள்ளைகளின் சான்றிதழ், பயிர்க் காப்பீட்டு ரசீது. எல்லாவற்றையும் தம்பியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அசல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், அந்த உறை இன்னொரு உறைக்குள், வாய் கட்டி, அம்மா தூங்கும் அறையில் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பீரோவில் பூட்டி வைக்க வேண்டாம், அவசரத்தில் சாவி அகப்படாது.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மருந்துகள் எப்போதும் குறைந்தது இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு இருக்கட்டும். கஜாவுக்குப் பிறகு உள்கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜ் இல்லாமல் சமாளிக்க வழி பார்த்து வைக்க வேண்டும். பாட்டிலை ஒரு டப்பாவில் போட்டு மூடி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வைப்பது ஊரில் பலரும் செய்வது. எத்தனை நாள் தாங்கும் என்று அவரவர் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் இருந்தால், மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரை மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்பி விட வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய பெண்களைப் புயலுக்கு முன்பே அரசு மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வைத்தால் போதும்.

கடைசியாக எண்கள். ஊரில் இருப்பவர்களுக்கு 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். இவற்றை இங்கிருந்து நேரடியாக அழைத்தால் கிடைக்காது. ஆகவே ஆட்சியர் அலுவலகத்தின் முழு லேண்ட்லைன் எண், வி.ஏ.ஓ., பஞ்சாயத்துத் தலைவர், தெருவில் பொறுப்பான இரண்டு இளைஞர்கள் என்று, இந்திய நாட்டு எண்ணோடு சேர்த்து போனில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு தாளிலும் எழுதி பர்ஸில் வையுங்கள்.

எச்சரிக்கையைப் படிப்பது

வாட்ஸ்அப்பில் வரும் சுழல் படங்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்திய வானிலை ஆய்வு மையம், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் இரண்டின் அறிக்கைகள் போதும். புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும். சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முதல் தகவல் வரும். 48 மணி நேரத்துக்கு முன் வருவது மஞ்சள் கட்டம், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு. கரையைக் கடக்க 12 மணி நேரம் இருக்கும்போது வருவது சிவப்பு, அதில் கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதும் இருக்கும். என் கணக்கில் 72 மணியில் சாமான் கட்ட வேண்டும், 48-க்கும் 36-க்கும் இடையில் வண்டி ஏற வேண்டும். சிவப்பு வந்த பிறகு யாரும் சாலையில் இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்பீர்கள். 2020-இல் நிவர் புயல் நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நாகை, கடலூர், தஞ்சை உட்பட 7 மாவட்டங்களில் அரசு பஸ் போக்குவரத்தை நிறுத்தியது 24-ஆம் தேதி மதியம் 1 மணிக்கு. ஏறக்குறைய ஒன்றரை நாள் முன்பு! முதல்நாள் சாயங்காலம் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸே இருந்திருக்காது.

காற்றின் வேகத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், அதிலேயே கூரை வீடுகள் சேதமாகும். 89-ஐத் தாண்டினால் தீவிரப் புயல், பெரிய மரங்கள் வேரோடு சாயும். 118-க்கு மேல் போவது மிகத் தீவிரப் புயல். அட்லாண்டிக் கடலில் ஹரிக்கேன் என்று அழைக்கப்படுவது இந்த வேகத்தில் தொடங்குவதுதான்.

காற்று குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று எண்ணக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், வேகத்தில் பெரிய புயல் அல்ல. ஆனால் கரையேறியதும் நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் வண்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மழைக்கு விடுக்கும் சிவப்பு எச்சரிக்கை வேறு கணக்கு: ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். அதையும் தனியாகப் பாருங்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி மீனவக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். கூண்டு எண்ணைப் பார்த்துக் கிளம்பலாம் என்று 10 வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

புயல் கரையைக் கடக்கும் இடம் கடைசி வரை மாறும். நம் கிழக்குக் கரையில், கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குத்தான் பொதுவாகக் கடல் அதிகமாக ஏறும், ஏனென்றால் அந்தப் பக்கம் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். "நம்ம ஊருக்குத் தெற்கேதான் கடக்குதாம்" என்று நிம்மதியடைபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்பாவைக் கிளப்புவது

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது இதுதான். பணமும் வண்டியும் தயாராக இருந்தும், "நான் வரல, நீங்க போங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும் அப்பாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் பிடிவாதத்துக்குப் பின்னால் நியாயமான கவலை ஒன்று இருக்கும். அது என்னவென்று கண்டுபிடித்துத் தீர்த்து வைத்தால் தானாகக் கிளம்புவார்கள். இங்கிருந்து கத்தினால் கிளம்ப மாட்டார்கள்.

காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு:

"ஏம்ப்பா, எழுபத்தேழு புயலையே இந்த ஊட்லதான் பாத்தோம். இதெல்லாம் ஒரு புயலா?"

"அப்ப ஒங்களுக்கு இருவது வயசுப்பா. இப்ப முட்டி வலிய வச்சிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில அம்மாவையும் இழுத்துக்கிட்டு நடக்க முடியுமா?"

1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயலைப் பார்த்த தலைமுறைக்கு, தப்பித்ததே ஒரு சான்றிதழ். அதை மறுத்துப் பேசினால் கோபம்தான் வரும். அன்று உடம்பில் இருந்த தெம்பு இன்று இல்லை என்பதை மட்டும் அன்பாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து மாடு. பல வீடுகளில் உண்மையான காரணமே இதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள். மாட்டை இரண்டு நாள் முன்பே மேட்டுப் பக்கத்து உறவினர் கொல்லைக்கு ஓட்டி விடுவது நல்லது. அதற்கு ஆள் கூலியை நீங்கள் கொடுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். "அவுத்து விட்டா எங்கயாவது போயிடுமேப்பா" என்பார். "கட்டிப்போட்டாதான்ப்பா சாவும். அவுத்து விட்ட மாடு மேட்டப் பாத்துப் போயிடும், ரெண்டு நாள்ல தேடிப் புடிச்சிடலாம்" என்று சொல்லுங்கள். கொட்டகைக்குள்ளே அடைக்கவும் வேண்டாம், மேலே விழுந்துவிடும்.

திருட்டுப் பயம் என்றால், தெரு முழுக்க ஒன்றாகக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். நகையை வங்கி லாக்கரில் அக்டோபரிலேயே வைத்துவிடலாம். டிவி, மிக்ஸி, நெல் மூட்டை, விதை எல்லாவற்றையும் பரணுக்கோ மாடிக்கோ ஏற்ற இரண்டு பையன்களுக்குக் கூலி கொடுத்தால் ஒரு மணி நேர வேலை.

முகாமில் தங்கக் கூச்சப்படுபவர்களும் உண்டு. பெண்களுக்குக் கழிப்பறைதான் கவலை, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அது ஆகாது. அம்மாவுக்கு முகாம் பிடிக்காது என்று தெரிந்தால் உறவினர் வீட்டுக்கு முதலிலேயே அனுப்பி விடுங்கள். முகாம்தான் என்றால் சீக்கிரம் போகச் சொல்லுங்கள். முதலில் வருபவர்களுக்குச் சுவரோரம் இடம் கிடைக்கும், தனித் தடுப்பு கிடைக்கும்.

படுக்கையில் இருக்கும் பாட்டியை நகர்த்துவது இரண்டு பேர் வேலை. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்கி வேனில் ஏற்றலாம். மழைக்கு முன், பகலில். மாற்றுத் துணி, ரப்பர் ஷீட், கஞ்சிக்கு மாவு தனிப் பையில். இதை ஒருமுறை முன்பே செய்து பார்க்கச் சொல்லுங்கள். வாசற்படி அகலம் போதவில்லை என்பது போன்ற சங்கதி அப்போதுதான் தெரியவரும்.

இரண்டு விஷயம் எனக்குத் திரும்பத் திரும்ப உதவியிருக்கிறது. ஒன்று, அம்மாவிடம் முதலில் பேசுவது. அம்மா சேலையை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தால் அப்பா தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். இன்னொன்று, அப்பாவிடம் "வாங்க" என்று கெஞ்சாமல் பொறுப்பைக் கொடுப்பது. "எதிர்வீட்டு ஆயாவுக்கு யாரும் இல்ல, வேன்ல நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போவணும்" என்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஆயாவும் பிழைத்துக்கொள்வார். வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாதவர்களை நினைவில் வையுங்கள். உங்கள் வண்டியில் எப்போதும் ஒரு இடம் கூடுதலாக இருக்கட்டும்.

போன தடவை கிளம்பியும் ஒன்றும் வரவில்லையே என்பார்கள். வரும், வரும் என்று நாள் கணக்கில் இழுத்தடித்த புயல்கள் உண்டு, உண்மைதான். அதற்காக யாரையும் கேலி செய்ய விடாதீர்கள். "வராம போனா ரெண்டு நாள் அத்தை வூட்ல இருந்துட்டு வந்ததா வச்சிக்கோங்க" என்று சொல்லி, அத்தைக்கும் சேர்த்து மளிகைக்குப் பணம் அனுப்புங்கள்.

கடலுக்குப் போன அண்ணன், தம்பி இருந்தால் அதற்குத் தனி அவசரம். 2017-இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குத் தகவல் நேரத்தில் போய்ச் சேராததால் கன்னியாகுமரி மாவட்டம் பட்ட துயரம் யாரும் மறக்க முடியாதது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வந்தவுடன், புறப்படாதவர் புறப்படாமலும், போனவர் திரும்பும்படியும் சங்கத் தலைவர் மூலம் சேதி சொல்ல வேண்டும். படகை இழுத்துக் கட்டிய பிறகு, அதற்குக் காவலாகக் கரையில் யாரும் படுக்கக் கூடாது.

பணம்

புயலுக்குப் பின் செல்போன் கோபுரம் படுத்துவிடும், ஏடிஎம் வேலை செய்யாது, யூபிஐ ஸ்கேன் ஆகாது. ரொக்கம் ஒன்றுதான் செல்லும். 72 மணி அறிவிப்பு வந்த அன்றே அனுப்பி, அன்றே எடுக்கச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளாக எடுத்தால் சில்லறை கிடைக்காது, நூறும் ஐம்பதுமாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடைகளில் நிற்கும் வரிசை உங்களுக்கே தெரியும், அதை நம்ப வேண்டாம். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யூபிஐ இரண்டையும் இணைத்துவிட்டார்கள். இதில் சேர்ந்திருக்கும் வங்கிகளில் கணக்கு இருந்தால் டோர்மிட்டரியிலிருந்தே உடனே அனுப்பலாம். இப்போதே சிறு தொகை அனுப்பிச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் காலை

கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, மெயின் சுவிட்சை நிறுத்தி, மோட்டார் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஜன்னல் எல்லாம் தாழ். தளர்ந்த தகரத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டவோ, கழற்றி மேலே பாரம் வைக்கவோ வேண்டும். பறக்கும் தகரம் கழுத்தை அறுக்கும். வீட்டை ஒட்டிய தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் முதல்நாளே இறக்கியிருக்க வேண்டும். கிணற்றுக்குப் பலகை மூடி.

எடுத்துப் போகும் பை ஆளுக்கு ஒன்று: மருந்து, காகித உறை, ரொக்கம், டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், பிஸ்கட், அவல், வெல்லம், குடிதண்ணீர், ஒரு மாற்றுத்துணி, போர்வை, பெண்களுக்கு நாப்கின், குழந்தைக்குப் பால்மாவு. விசில் ஒன்றும் வையுங்கள், இடிபாட்டில் மாட்டினால் குரலை விட அது தூரம் கேட்கும். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை இங்குள்ள வீடுகளுக்கும் இதேபோல் ஒரு அவசரப் பை வைத்திருக்கச் சொல்கிறது. அதைப் பார்த்து நீங்களே ஒரு பட்டியல் எழுதி ஊருக்கு அனுப்பலாம்.

வழியில் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கக் கூடாது. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், இரண்டு அடி இருந்தால் காரை இழுத்துவிடும். டிரைவரிடம் இதை நீங்களே பேசுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு குறுஞ்செய்தி வரட்டும்.

அந்த இரவு

இந்திய நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே நள்ளிரவு ஒரு மணிக்குக் கடந்தால் இங்கே மூன்றரை. காலையில் வேலைக்குப் போக வேண்டும், தூக்கம் வராது. வேலையிடத்தில் போன் பார்க்க அனுமதி இல்லை என்றால் சூப்பர்வைசரிடம் முதல்நாளே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். தூங்காமல் உயரத்தில் ஏறுவதும், இயந்திரம் ஓட்டுவதும் ஆபத்து. முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

குடும்பத்தில் எல்லாரும் மாறி மாறி அப்பாவுக்கு அடித்தால் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் நீங்கள் ஒருவரே தகவல் மையம் ஆகுங்கள். அவர் உங்களுக்கு மட்டும் செய்தி அனுப்பட்டும், துபாயில் இருக்கும் அக்காவுக்கும் சென்னையில் இருக்கும் மாமாவுக்கும் நீங்கள் சொல்லுங்கள். வலையமைப்பு மோசமாக இருக்கும்போது பேச்சை விடச் சாதாரணக் குறுஞ்செய்தி சுலபமாகப் போகும். போனை அணைத்து வைத்துவிட்டு, குறித்த நேரத்தில் மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை அவர்களுக்கு அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். புயலின் நடுவில் இருக்கும் 'கண்' நேர் மேலே வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது மதியம் இப்படி அமைதியானது. முடிந்தது என்று வெளியே வந்தவர்களை, கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று தாக்கியது. முதல் பாதியில் வேர் ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாம் பாதியில் விழுந்தன. காற்று நின்றாலும் முகாமை விட்டு இறங்கக் கூடாது, முடிந்தது என்று அதிகாரிகள் சொல்ல வேண்டும்.

பிறகு மௌனம் வரும். ஒரு நாள், இரண்டு நாள் பதிலே வராது. அந்த நேரத்தில் பழைய வீடியோக்களைப் புதிது என்று பரப்புவார்கள், பார்க்காதீர்கள், அனுப்பாதீர்கள். பத்திரமான கட்டடத்துக்குள் போய்விட்டார்கள் என்ற கடைசிச் செய்தி உங்களிடம் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்தது கோபுரம் சாய்ந்ததால், பெரும்பாலும் அவ்வளவுதான்.

கடந்த பிறகு

வீட்டுக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம். அறுந்து கிடக்கும் மின்கம்பி, வீட்டுக்குள் ஏறிய பாம்பு, பாதி முறிந்து தொங்கும் கிளை ஆகியவை புயல் போன பிறகும் உயிர் வாங்கும். மின்வாரிய ஆள் வந்து பார்க்கும் வரை மெயினைப் போடக் கூடாது. வாடகை ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது, அதன் புகையில் வாசனையே இல்லாத விஷ வாயு உண்டு. கடல் தண்ணீர் ஏறிய கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, சோதித்த பிறகுதான் குடிக்கலாம்.

எதையும் அள்ளிக் கொட்டும் முன் போட்டோ. விழுந்த சுவர், சாய்ந்த தென்னை எத்தனை, செத்த ஆடு மாடு, உடைந்த படகு. தேதி தெரியும்படி எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும், அவர்கள் போன் நனைந்தாலும் உங்களிடம் இருக்கும். வி.ஏ.ஓ. கணக்கெடுக்க வரும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும். பெயர் விடுபட்டால் உடனே எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நிவாரணம் வங்கிக் கணக்கில்தான் வரும், ஆதார் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே நண்பர்கள் சேர்ந்து ஊருக்கு உதவ நினைப்பது இயல்பு. தெரிந்தவர்களுக்குள் போட்டுக்கொள்வது வேறு. வெளிநாட்டு நிவாரணத்துக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட சிங்கப்பூரில் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். உண்டியல் ஏந்தி லிட்டில் இந்தியாவில் நின்றுவிடாதீர்கள், வேலை அனுமதியே சிக்கலாகிவிடும். அனுமதி பெற்ற அமைப்புகள் வழியாகக் கொடுங்கள்.

நவம்பர் பிற்பாதியில் தொடங்கும் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னை, புதுச்சேரி போகிற சிங்கப்பூரர்கள், கிளம்பும் முன் வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் பயணத்தைப் பதிந்துகொள்ளுங்கள். சென்னையில் சிங்கப்பூர்த் துணைத் தூதரகம் இருக்கிறது. கடற்கரை ரிசார்ட்டில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, அன்றே உள்நகர ஹோட்டலுக்கு மாறுங்கள். புயல் நாளில் சென்னை விமான நிலையத்தை மூடிவிடுவார்கள், அந்த நாளில் டிக்கெட்டை நம்பாதீர்கள்.

விடுப்பு எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் துடிக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் போனால் திருச்சியிலேயே மாட்டிக்கொள்வீர்கள், ஊருக்குச் சாலை திறந்திருக்காது. முதலாளியிடம் விவரம் சொல்லி, எழுத்தில் விடுப்பு வாங்கி, ஊரில் இருப்பவர்கள் "வண்டி வருது" என்று சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள். சோலார் விளக்கு, தார்ப்பாய், கொசுவலை, கையுறை, காயத்துக்குப் போடும் மருந்து எல்லாம் பெட்டியில் போகலாம். பவர் பேங்கை மட்டும் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் விட மாட்டார்கள்.